ஹுலியாவின் பால்பல்

லகமவ்வா என் கொழுந்தன் பெண்டாட்டி, எனக்கு இளைய ஓரகத்தி. ஒரே சுவரின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்வார்கள் என்று ஊர் எதிர்பார்க்கிறது. நாங்களும் ஊரை ஏமாற்றவில்லை. தண்ணீர்க் குழாயிலிருந்து வறட்டி தட்டும் இடம் வரை எல்லாவற்றுக்கும் சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் அவளைப் பற்றி வேறு யாராவது ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் பொறுக்காது.

என் வீட்டுக்காரர் பரசப்பா கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். ஆலைக்குப் போய்விட்டுச் சாயங்காலமே வந்துவிடுவார். வந்தால் காலைச் சுற்றிக்கொண்டே கிடப்பார், அது வேண்டும் இது வேண்டும் என்று உயிரை வாங்குவார். லகமவ்வாவின் புருஷன் சித்ராமா அப்படி இல்லை. தீபாவளி முடிந்து ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு மேற்கே போனால் மழைக்குத்தான் ஊர் திரும்புவான். எட்டு மாதம். கல்யாணமாகி நாலு வருஷத்தில் இரண்டு பேரும் ஒன்றாக இருந்த நாட்களைக் கூட்டினால் ஒன்றரை வருஷம் தேறாது.

நடுவில் ஒரே ஒரு தடவை வருவான். அதுவும் பெண்டாட்டிக்காக இல்லை, நாய்க்குட்டிக்காக. ஆடு மேய்க்கிற எங்கள் குருபர் வீடுகளில் மந்தைக்குப் போகிற குட்டியை வீட்டுப் பெண்தான் வளர்க்க வேண்டும். பால்பல் எல்லாம் விழுந்து, நாலு கோரைப்பல்லும் முளைத்த பிறகு மந்தைக்காரன் வருவான். குலசாமி பீரப்பன் கோயில் மஞ்சளை அதன் நெற்றியில் பூசி, முள் வைத்த இரும்புப் பட்டையைக் கழுத்தில் மாட்டி, கூட்டிக்கொண்டு போவான். வாயில் ஒரு பால்பல் மிச்சம் இருந்தாலும் குட்டியை அனுப்பக் கூடாது. அனுப்பினால் பாலைத் தேடி வீட்டுக்கே ஓடிவந்துவிடும் என்பார்கள்.

போன வருஷம் நல்ல குட்டி அகப்படவில்லை. அவனும் வரவில்லை. அந்த எட்டு மாதம் அவள் இருந்த இருப்பை நான் பார்த்தேன். ரொட்டி தட்டினாள், வெங்காயக் காட்டில் களை எடுத்தாள், சிரித்துப் பேசினாள். ஆனால் மந்தைக்காரன் எவனாவது தெருவில் போனால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். பார்க்கவே எனக்கு எரிச்சலாக வரும். அது அவள் மேல் வந்த எரிச்சல் இல்லை என்று பிறகுதான் புரிந்தது.

அதனால்தான் இந்த வருஷம் தசராவுக்குத் தாய்வீடு போனவள், அங்கேயே ஒரு குட்டியைத் தேடிப் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். ஹுலியா என்று பேர் வைத்தாள். பேர்தான் புலி, கோழியைக் கண்டால் அவள் சேலைக்குள் ஒளியும். சித்ராமா கிளம்பும்போது தன் பழைய கம்பளியை அதற்குப் படுக்கையாகப் போட்டுவிட்டுப் போனான், அவன் வாசனை அதற்குப் பழக வேண்டும் என்று. அந்தக் கம்பளியை அவள் துவைக்கவே இல்லை.

"நாத்தம் தெருவரைக்கும் வருதுடி. ஒரு தடவை தண்ணியில முக்கினா என்ன?" என்றேன்.

"துவைச்சா வாசனை போயிரும்க்கா. குட்டிக்கு வேணும்ல."

"குட்டிக்கா?" என்றேன். அவள் கம்பளியை உதறி மறுபடி விரித்தாள். நானும் அதற்கு மேல் கிண்டவில்லை.

நாலாம் மாதம் குட்டிக்கு ஈறு ஊற ஆரம்பித்தது. கதவு, விளக்குமாறு, என் வீட்டுக்காரருடைய புதுச் செருப்பு, ஒன்றையும் விடவில்லை. செருப்பைப் பிடுங்கப் போனவரின் கட்டைவிரலிலும் ஒரு கடி. லகமவ்வா காய்ந்த சோள ரொட்டியாகப் பார்த்துப் பார்த்துக் கடிக்கக் கொடுத்தாள். முன்பல் விழுந்த அன்று, ரத்தம் பட்ட ரொட்டித் துண்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, முதல் பல்லு."

"உன் மகனுக்கா விழுந்துச்சு? போடி, அடுப்புல பால் பொங்குது."

அதற்குப் பிறகு தினமும் காலையில் குட்டியின் உதட்டைத் தூக்கிப் பார்ப்பதே அவள் வேலை. நாலாவது கோரைப்பல் ஈற்றைக் கிழித்துக்கொண்டு தலை காட்டியதோ இல்லையோ, போனில் சேதி சொல்லிவிட்டாள். உகாதிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் சித்ராமா வந்தான், கறுத்து, இளைத்து. மறுநாளே திரும்ப வேண்டுமாம், ஆடுகள் குட்டி போடும் நேரம். ஹுலியா ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. நேராகப் போய் அவன் கையை மோந்து, விரலைக் கவ்வி மென்றது. "என் கம்பளி வேலை செஞ்சிருக்கு," என்று சிரித்தான். லகமவ்வா தலையைக் குனிந்துகொண்டாள். அன்று முழுவதும் அவர்கள் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போகவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த பெரிய தியாகம் அது.

மறுநாள் காலை மஞ்சளும் பட்டையும் தயார். நானும் என் வீட்டுக்காரரும் வாசலில் நின்றோம். சித்ராமா குட்டியை மடியில் போட்டு உதட்டைத் தூக்கினான்.

"மேல இடது பக்கம் புதுப் பல்லுக்குப் பின்னால பால்பல்லு அப்படியே நிக்குதே."

லகமவ்வாவின் முகம் செத்துப்போயிற்று. "தினம் பாத்தேங்க. முன்னாடி இருந்து பாத்ததுல தெரியல."

அவன் விரலை உள்ளே விட்டு அந்தப் பல்லைத் தொட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். பல் ஆடியது. நன்றாகவே ஆடியது. ஆட்டின் வயிற்றுக்குள் கைவிட்டுக் குட்டியை இழுத்துப் போடுகிற கைக்கு அது ஒரு வேலையா? நகத்தால் ஒரு நெம்பு நெம்பினால் உள்ளங்கையில் விழுந்திருக்கும். அவன் விரலை எடுத்துவிட்டான்.

"கெட்டியா இருக்கு. இப்ப கூட்டிட்டுப் போக முடியாது," என்றான்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. அவன் நிமிர்ந்து லகமவ்வாவைப் பார்த்த பார்வையைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்கு அந்த மாதிரிப் பார்வையெல்லாம் எங்கே புரிகிறது? "இதுக்காக நீ இன்னொரு தடவை அலையணுமாடா? பல்லு விழட்டும். வெங்காய லாரி அந்தப் பக்கம்தான் போகுது. ஏத்தி விட்டுடுறேன்," என்றார்.

சித்ராமா அண்ணன் பேச்சைத் தட்டியதே இல்லை. கொஞ்ச நேரம் பட்டையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். "சரிண்ணா. உகாதிக்கு முன்னால விழுந்தா லாரியில அனுப்பு. உகாதிக்குள்ள ஆடெல்லாம் குட்டி போட்டு முடிஞ்சிரும். அதுவரைக்கும் விழலைன்னா நானே வந்து கூட்டிக்கிறேன்." அண்ணனிடம்தான் சொன்னான், கண் அவள் மேல் இருந்தது.

அவன் தெருமுனை திரும்பும் வரை நின்றவள், அன்று மதியம் முதல் குட்டிக்குக் காய்ந்த ரொட்டி போடவில்லை. பாலில் ஊறப்போட்டு, கையால் பிசைந்து, கஞ்சியாக ஊட்டினாள். அந்தப் பல்லுக்கு ஒரு சிரமமும் வரக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். பாவி மகள், மாதக்கணக்காக விழு விழு என்று வேண்டியவள் இப்போது விழாதே என்று பீரப்பனைக் கும்பிட்டாள்.

நாலே நாளில் விழுந்தது. நான் மோர் கேட்கப் போனபோது கம்பளி மேல் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் அரிசி மாதிரி அந்தப் பல். என்னைப் பார்த்ததும் கையை மூடிக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது.

"அக்கா. உங்க வீட்ல மாமாகிட்ட சொல்லிடாதீங்க."

நான் ஓட்டை வாய். ஊருக்கே தெரியும். அவளுக்குத் தெரியாதா?

"மோர் இருக்கா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல," என்றேன். அவள் பல்லை முந்தானையில் முடிந்துகொண்டு மோர் எடுக்கப் போனாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் கேட்டார்: "பல்லு விழுந்துச்சா? லாரிக்காரன் கேக்குறான்."

"இன்னும் இல்ல. சந்தேகமா இருந்தா நீங்களே கையை விட்டுப் பாருங்க."

அவர் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். பிறகு குழம்பு கேட்டார். பதினெட்டு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை.

நேற்றுச் சாயங்காலம் சித்ராமாவின் போன் வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் என் வாசலில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் வாசலிலேயே நின்று பேசினாள். ஹுலியா அவள் காலடியில், நாலு பெரிய பல்லும் தெரிய, கல் மாதிரி காய்ந்த ரொட்டியைக் கடகடவென்று கடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும்.

"பல்லு எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்க வேண்டும். அவள் கை முந்தானை முடிச்சுக்குப் போனது.

"ஆடுதுங்க," என்றாள்.

அந்தப் பக்கம் அவன் என்னவோ சொன்னான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"சரி. யாரையும் அதுல கை வைக்க விடமாட்டேன்."

உகாதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.