பெரிதாகாத எழுத்துகள்

என் மனைவியின் புத்தகங்களை வெட்டக் கொடுத்தவன் நான்தான். அவளைக் கேட்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசிக்குத் தள்ளினால் எழுதாமலே விட்டுவிடுவேன்.

அவை கடையில் வாங்கிய புத்தகங்கள் அல்ல. வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கத்தரித்து எடுத்து, கதை முடிந்ததும் பைண்டு செய்து வைத்திருந்தாள். அவற்றில் அவள் மிகவும் விரும்பிய தொடர் புத்தகமாக வெளிவந்ததே இல்லை. எழுதியவரும் வேறு எதுவும் எழுதியதாகத் தெரியவில்லை. ஊரில் யாரிடம் கேட்டாலும் அப்படி ஒரு கதை வந்ததா என்பார்கள்.

அவளுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டிருக்கிறது. மதுரையில் பார்த்த டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, “படிக்கணும்னு நெனக்கிறத இப்பவே படிச்சுக்கச் சொல்லுங்க” என்றார். அதை அவளிடம் சொன்னேன். அன்றைக்கே அந்தத் தொடரை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு கையில் பூதக்கண்ணாடி. செத்த நேரத்தில் கையும் கழுத்தும் வலிக்கும். ஆனாலும் படித்தாள்.

எழுத்தைப் பெரிதாக்கித் தரும் மின்நூல் கருவி ஒன்று வாங்கலாம் என்று நான்தான் கிளம்பினேன். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். ஒளியியல் என் பாடம். காகிதம் போன்ற திரை, கண் கூசாது, பேட்டரி நிற்கும் என்றெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். எந்தெந்த வடிவக் கோப்புகளைத் திறக்கும் என்று பார்த்தேன். பிடிஎஃப் திறக்கும் என்று போட்டிருந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பெங்களூரிலிருந்து மகன் போனில் சொன்னான்: “அப்பா, அது கைக்குள்ள அடங்குற திரை. அதுல பிடிஎஃப் படிக்க முடியாதுப்பா. பெரிசா ஒண்ணு பாப்போம்.”

“நீ உன் வேலயப் பாரு. நான் எல்லாம் விசாரிச்சிட்டேன்” என்றேன்.

அவள் நிலக்கோட்டையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நேரம். திரும்பி வரும்போது எல்லாம் கருவிக்குள் இருக்க வேண்டும் என்று பைண்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு ஸ்கேன் செய்யப் போனேன்.

கடைக்காரர் புரட்டிப் பார்த்தார். “சார், இப்பிடியே வச்சா நடுவுல வளைஞ்சு விழும். முதுக வெட்டிட்டா மெஷின் தானா இழுத்துக்கும். வீட்ல கேட்டுட்டீங்களா?”

“நான் சொல்றேன்ல, வெட்டுங்க.”

“ஃபைலு பெரிசாப் போடவா, சின்னதாவா?”

“சின்னதாவே போடுங்க. அதுல இடம் கம்மி.”

“தாளெல்லாம் என்ன செய்ய?”

பழைய பேப்பரில் போட்டுவிடச் சொன்னேன். அவள் கண்ணுக்காகத்தான் இதையெல்லாம் செய்தேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மையல்ல. அலமாரியின் இரண்டு தட்டை அடைத்துக்கொண்டு தூசியும் பூச்சியுமாக இருந்த அந்தப் பைண்டுகள் எனக்கு எப்போதும் எரிச்சல். ஒழிந்தது என்றும் நினைத்தேன்.

அவள் வந்ததும் கருவியைக் கையில் கொடுத்தேன்.

“என்னங்க, இம்புட்டூண்டு இருக்கு?”

“பெரிசாக்கலாம், பாரு.”

பெரிதாக்கினேன். பத்திரிகைப் பக்கம் முழுவதும் ஒரே படமாக இருந்ததால் எழுத்து மட்டும் பெரிதாகவில்லை. பக்கமே பெரிதாகித் திரைக்கு வெளியே ஓடியது. பாதி வரிதான் தெரிந்தது. மீதியைப் படிக்க விரலால் இழுத்தால் திரை ஒருமுறை கறுத்து விழித்தது. சின்னக் கோப்பாகப் போடச் சொன்னதால் எழுத்துகள் சாம்பல் திட்டாகக் கரைந்தன. எத்தனை புள்ளிகள் இருந்தால் ஓர் எழுத்து துலங்கும் என்று வகுப்பில் நடத்தியவன் நான்.

“இது எழுத்தா, எறும்பா?” என்றாள். பிறகு எழுந்து அலமாரிக்குப் போனாள். தட்டுகளைக் கையால் தடவிப் பார்த்தாள்.

“எங்கங்க?”

சொன்னேன். அவள் கத்தவில்லை. “தாளாவது இருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

ஆட்டோ பிடித்து ஓடினேன். வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது என்றார் கடைக்காரர். பழைய பேப்பர் கிடங்குக்குப் போனேன். ஆள் உயரக் கட்டுகளுக்கு நடுவில் நின்று கண்ணில் பட்டதையெல்லாம் உருவிப் பார்த்தேன். கிடங்குக்காரர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பெரியவரே, இதுல எதன்னு தேடுவீங்க? பாதி பூக்கடைக்கும் வடைக்கடைக்கும் போயிருக்கும். வீட்டுக்குப் போங்க” என்றார்.

அந்தக் கோப்பைத் தவிர இப்போது உலகத்தில் அந்தக் கதை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மகன் அந்தக் கோப்பை என்னிடமிருந்து வாங்கி, படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருளில் போட்டு அனுப்பினான். பத்திரிகையில் கதை ஒரு பத்தியில், விளம்பரம் பக்கத்துப் பத்தியில். மென்பொருள் இரண்டையும் சேர்த்து ஒரே வரியாகப் படித்திருந்தது. கதாநாயகி ரயில் நிலையத்தில் அழுதுகொண்டு நிற்கிறாள். அடுத்த சொல்லே பற்பொடி விளம்பரத்தின் ‘முத்துப் போன்ற பற்கள்’. இதை நான் வாசித்தபோது அவள் சிரித்தாள். சிரித்து முடித்ததும், “அப்ப அதும் இல்லையா?” என்றாள். மகன் தன் டேப்லெட்டையும் அனுப்பிவைத்தான். அந்த வெளிச்சத்தில் அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“நான் வாசிச்சுக் காட்டவா?”

“வேண்டாங்க. நீங்க பாடம் நடத்துற மாதிரி வாசிப்பீங்க. எனக்கு நின்னு நின்னு, முன்னால போயிப் பின்னால வந்து படிக்கணும்.”

ஆகவே தட்டச்சு செய்கிறேன். கம்ப்யூட்டரில் அந்த மங்கிய படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்து, எழுத்தைப் பெரிதாக்கக் கூடிய ஈபப் என்ற மின்நூல் வடிவத்துக்கு மாற்றி, கருவியில் ஏற்றித் தருகிறேன். அந்த வடிவத்தில் எழுத்து நன்றாகப் பெரிதாகிறது. வரியும் திரைக்குள் தானாக மடிகிறது. ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் ஒரு தாளும் வெட்டாமல் இதைச் செய்திருக்கலாம். எனக்கு இரண்டு விரலால்தான் அடிக்க வரும். நான் ஓர் அத்தியாயம் முடிப்பதற்குள் அவள் முந்தையதை முடித்துவிட்டு வந்து பின்னால் நிற்கிறாள். “வந்துருச்சா?”

வாரத்துக்கு வாரம் எழுத்து அளவைக் கூட்டிக்கொண்டே வந்தோம். நேற்றுக் காலை மறுபடி கருவியை நீட்டினாள். “இன்னுங் கொஞ்சம் பெரிசாக்குங்க.”

பார்த்தேன். அளவுகோலின் கோடு வலது ஓரத்தில் முட்டி நின்றது. திரையில் நான்கைந்து சொற்களே இருந்தன.

“இதுக்கு மேல ஆகாதும்மா.”

அவள் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தாள்.

“அப்ப வரிசையா அடிக்காதீங்க. கதையில அவ ஊருக்குத் திரும்பி வர்ற எடம் ஒண்ணு வரும், பாதிக்கு மேல. அத மொதல்ல அடிங்க.”

“நடுவுல உள்ளது?”

“அது விட்டுப் போனாப் போகுது.”

அந்த இடத்தை நேற்று முழுவதும் தேடி மாலையில் கண்டுபிடித்தேன். மற்றப் பக்கங்களைவிட மங்கலாக இருக்கிறது. இன்று காலையிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கம்கூட முடியவில்லை. அவள் அடுத்த அறையில் கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.