மாமாவுக்காகச் சுற்றிய பூகோளம்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பையோடு பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். அப்படி அக்கரைப்பற்றிலிருந்து சாய்ந்தமருதுக்கு நான் கொண்டுவந்த சொத்து, உடுக்கக் கொஞ்சம் சாரனும் ஒரு கம்பியூட்டரும். சாரனைப் பற்றி மனைவியின் வாப்பாவுக்கு, அதாவது என் மாமாவுக்கு, எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

கம்பியூட்டரில் நான் செய்தது வீடு கட்டுகிற வேலை. வளைகுடாவில் உள்ள ஒரு கம்பனி வரைபடம் அனுப்பும். இன்னும் கட்டாத அந்த வீட்டை, சுவரில் வெயில் விழ, தடாகத்தில் தண்ணீர் மினுங்க, கட்டி முடித்தது போலவே படமாக்கி அனுப்ப வேண்டும். சொந்தமாக ஒரு கல்லும் வைக்காதவனுக்குப் பொருத்தமான தொழில். மெசின் அந்தப் படத்தைச் செய்து முடிக்க மணிக்கணக்காகும். அதுவரை நான் கதிரையில் சாய்ந்து தேநீர் குடிப்பேன். மாமா கதவடியால் போகும்போதெல்லாம் கண்டது அதைத்தான்: அசையாத திரை, அசையாத மருமகன்.

"கவர்மெண்டு வேலைக்கு ஒரு அப்ளிகேசன் போட்டுப் பாக்கலாமே மருமகன்," என்பார். "சும்மா இரிக்கிற நேரத்தில."

அதற்கு நான் கண்ட மருந்துதான் அசையும் வோல்பேப்பர். கறுப்புத் திரையில் நீலப் பூகோளம் சுற்றும். இரண்டு பக்கமும் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கும். எதற்கும் அர்த்தம் கிடையாது. உண்மையான வேலையைச் சுருக்கி மறைத்துவிட்டு அதைக் காட்டிக்கொண்டிருந்தேன். மறுநாளே மாமா முன்வாசலில் யாரிடமோ சொல்வது கேட்டது: "வெளிநாட்டோட வேல. உள்ளுக்க உலகமே சுத்துது."

அன்று பகல் மாமி என் பீங்கானில் பாரை மீன் தலையை வைத்தார். மாப்பிள்ளைக்குத் தலை வைப்பது வழக்கம்தான். எனக்கு அதுவரை வால் பக்கமாகவே வந்துகொண்டிருந்தது.

பூகோளம் சும்மா சுற்றவில்லை. மெசினுக்குள் இருக்கும் விசிறி நெல்லு மில் மாதிரி இரைந்தது. பின்னேரம் முடிய வேண்டிய படம் அடுத்த நாள் விடிந்தும் முடியவில்லை. மெசினின் மூளையான புரொசசரை யார் தின்கிறார்கள் என்று திறந்து பார்த்தால், பாதிக்கு மேல் விழுங்கிக்கொண்டிருந்தது பூகோளம்.

வைத்தியம் பார்த்தேன். பூகோளம் செக்கனுக்கு அறுபது படமாக ஓடியதைப் பதினைந்தாகக் குறைத்தேன். தெளிவையும் குறைத்தேன். இரைச்சல் தணிந்தது, ஆனால் பூகோளம் விக்கி விக்கிச் சுற்றியது. தேநீர் கொண்டுவந்த மாமி நின்று பார்த்தார்.

"உலகத்துக்கு என்ன மகன், நொண்டுது?"

"வேல கூடிப்போச்சி மாமி. களைச்சிட்டு."

கடைசியில் சரியான வழி அகப்பட்டது. வேறு வேலை திரையை மூடினால் பூகோளம் தானாக நின்றுவிடும்படி அமைத்தேன். வேலையைத் திரை முழுக்க விரித்து வைத்தேன். படம் பின்னேரத்துக்கு முன்னமே முடிந்தது. விசிறி வாயே திறக்கவில்லை. என் தொழிலில் நான் செய்த ஒரே புத்தியுள்ள காரியம் அதுதான். மாலை மஃரிபுத் தொழுகைக்கு முன் மாமா கதவில் நின்றார்.

"சத்தத்தக் காணல்லயே மருமகன். வேல போயிட்டா?"

"இல்ல மாமா. இப்பதான் நல்லா ஓடுது."

"ஓம், ஓம்," என்றார், காய்ச்சல்காரனுடன் கதைப்பது போல. அடுத்த நாள் மீன் வால் வந்தது.

அந்தக் கிழமை கம்பனி ஒரு முழு மாளிகையை அனுப்பியது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடித்துக் கொடுத்தால் வேலைக்கு நிரந்தரமாக எடுத்துக்கொள்வோம் என்றார்கள். மெசின் வியாழக்கிழமையே தொடங்கி, சத்தமில்லாமல் அரைத்துக்கொண்டிருந்தது. வெள்ளி பகல் ஜும்ஆத் தொழுகை முடிந்து மாமா தன் மூத்த மருமகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் பள்ளிக்கூட வாத்தியார், பென்சன் உள்ள மாப்பிள்ளை.

"அந்த உலகத்த ஒருக்கா ஓட வைங்க மருமகன். இவர் நம்புறாரில்ல."

"உள்ளுக்க வேல நடக்குது மாமா. இப்ப ஓட வைக்க ஏலா."

வாத்தியார் சிரித்தார். "விடுங்க மாமா. கரண்டு வந்த பொறகு பாப்பம்."

தலைக்கு மேலே மின்விசிறி நன்றாகவே சுற்றிக்கொண்டிருந்தது. மாமாவின் முகம் சுண்டிப்போனது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மாளிகையைச் சுருக்கினேன். அறுபது படம், முழுத் தெளிவு. பூகோளம் வழுக்கிக்கொண்டு சுற்றியது, மெசின் மில்லாக இரைந்தது. மாமா வாத்தியாரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு. அவர்கள் வட்டிலப்பம் சாப்பிட்டு முடிப்பதற்குள் திரை உறைந்தது. பூகோளம் ஆபிரிக்காவோடு நின்றது. மாளிகையை முதல் கல்லிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று. மாலை அதற்காகக் காத்திருக்கவில்லை. கம்பனி ஒரு வரியில் நன்றி சொன்னது. பிறகு வரைபடம் எதுவும் வரவில்லை.

இப்போது புரொசசருக்கு வேறு வேலையே இல்லை. பூகோளம் ஒரு விக்கலும் இல்லாமல் நாள் முழுக்கச் சுற்றுகிறது. மீன் தலை தவறாமல் வருகிறது. வேலை போன விசயம் தெரிந்தவள் மனைவி மட்டும்தான். நேற்றுப் பகல் பூகோளத்தையும் மெசினையும் நிறுத்திவிட்டுக் கட்டிலில் சாய்ந்தேன். அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அதப் போட்டுட்டுப் படுங்க," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "வாப்பா முன்னுக்கு ஆக்களோட இரிக்கார்."

எழும்பிப் போய்ப் போட்டேன். மெசின் இரையத் தொடங்கியதும் முன்வாசலில் மாமாவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது.