குதிகாலில் வெட்டிய தக்கை

காலை ஷிப்டுக்குக் கிளம்பி ரப்பர் செருப்பில் கால் வைத்தேன். இடது குதிகால் சில்லென்று தரையில் பட்டது. செருப்பின் பின்பக்கத்தில் வட்டமாக ஒரு துண்டைக் காணோம்.

தொண்ணூற்றொன்றில் இதே போல ஒரு துண்டை வெட்டியவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அண்ணன் தூக்கிப் போட்ட துருப்பிடித்த ஜாமெட்ரி பாக்ஸ்தான் என் முதல் தூண்டில் பெட்டி. உள்ளே இரண்டு முள், ஐஸ் குச்சியில் சுற்றிய நைலான் நரம்பு, ஈரமண்ணோடு புழு அடைத்த தீப்பெட்டி. மிதக்கவிடத் தக்கைதான் இல்லை. அம்மாவிடம் இருந்ததோ ஒரே ஜோடி செருப்பு.

சாயங்காலம் அம்மா பெட்டியைத் திறந்தாள். புழு வாடையும் ரப்பர் வாடையும் சேர்ந்து அடித்தன. அடி விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"இன்னாடி, இட்லி மாதிரி வெட்டி வச்சிக்கினுகீற? மீன் இஸ்த்தா இது தண்ணி உள்ள போவுமா?"

அரிவாள்மனையில் வைத்து அதை இரண்டாக நறுக்கினாள். ஒன்றை என் நரம்பில் கோத்தாள். மற்றதை உள்ளங்கையிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அது யாருக்கும்மா?"

"எனக்குத்தான். கண்ணாலத்துக்கு முன்ன செம்பரம்பாக்கம் ஏரில நான் புடிக்காத கெண்டையா?"

இப்போது தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. கதவுக்குப் பின்னால் என் மகள் ஒரு டிபன் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"பெருசா வெட்டிட்டியா?"

பயந்துகொண்டே தலையாட்டினாள்.

"அப்போ ரெண்டா நறுக்கி வை. ஞாயித்துக்கெழம எனக்கும் லீவுதான்."