இரண்டு புளியமரங்களுக்கு நடுவே

எழுபதுகளின் தொடக்கம் அது. அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு சந்தில் சின்னதாக போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாணப் படம், பள்ளிக்கூடத்து குரூப் படம், விண்ணப்பத்தில் ஒட்டும் படம், எப்போதாவது இறந்தவரை நாற்காலியில் சாய்த்து வைத்து எடுக்கும் படம், இவைதான் பிழைப்பு. உயிரோடு வருகிறவர்களும் அதே மாதிரிதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தறியில் உட்கார வேண்டியவன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறானே என்று அப்பா வீட்டில் தெலுங்கில் திட்டுவார். வெளியே போய்த் தமிழில் என்னைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்வார்.

எனக்கு ஓடுகிறதைப் படம் பிடிக்க வேண்டும் என்று ஒரு வெறி இருந்தது. மெட்ராஸில் பழைய முப்பத்தைந்து எம்.எம். கேமரா ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அதில் இருந்த லென்ஸில் எட்டத்தில் ஓடும் மாடு எறும்பு மாதிரி விழும். கிட்டே போனால் மாடு என்னை விடாது. தூரத்தில் நின்றபடியே பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று இருந்தால் இந்தச் சீமையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்தேன்.

பாளையம்பட்டியில் மளிகைக் கடை வைத்திருந்த பாயின் மைத்துனர் சிங்கப்பூரில் இருந்தார். ஊருக்கு வரும்போது வாங்கி வருவதாகச் சொல்லி, அங்கே ஒரு கடையில் விசாரித்து மூன்று லென்ஸ்களின் விவரத்தைக் கடிதத்தில் எழுதியிருந்தார். ஒன்று முழ நீளம், ஒன்றரைக் கிலோவுக்கு மேல். இன்னொன்று சின்னது, ஆனால் அவ்வளவு தூரம் எட்டாது. மூன்றாவது ஜூம். வளையத்தை முன்னும் பின்னும் இழுத்தால் நின்ற இடத்திலிருந்தே காட்சி கிட்டே வரும், எட்டிப் போகும். எடை முக்கால் கிலோதான். எது வேண்டும் என்று அடுத்த தபாலிலேயே எழுதச் சொல்லியிருந்தார்.

நான் பாய் கடைக்கே போய் எடைக்கற்களைக் கடன் கேட்டேன். கேமராவின் மூக்கில் துண்டைச் சுற்றி, ஒரு கிலோக் கல்லையும் அரைக் கிலோக் கல்லையும் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, ரோட்டில் போகிற டவுன் பஸ்ஸைக் குறிபார்த்தபடி நின்றேன். மூன்றாவது பஸ்ஸுக்குக் கை நடுங்கிவிட்டது. முக்கால் கிலோவுக்குக் கல்லை மாற்றிக் கட்டினேன். ஏழு பஸ் போயும் கை ஆடவில்லை. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் சாமான் வாங்குவதை மறந்து என்னை வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒரு அம்மாள் பாயிடம் வருத்தப்பட்டாராம். சைக்கிளிலும் பஸ்ஸிலும் அலைகிறவனுக்கு, ஸ்டாண்டு இல்லாமல் கையில் பிடித்தே எடுக்கிறவனுக்கு இதுதான் சரி என்று ஜூமுக்கே எழுதிப் போட்டேன். எவ்வளவு கனம் என்று கேட்டேன். எவ்வளவு தூரம் எட்டும் என்று கேட்டேன். அதன் வழியாகப் பார்த்தால் உலகம் எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மார்கழியில் லென்ஸ் கைக்கு வந்தது. தை மாதம் திருச்சுழி ரோட்டில் மாட்டுவண்டிப் பந்தயம். அந்த வருஷம் மழை பொய்த்து, கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காட்டில் வேலை எதுவும் இல்லாததால் சுற்றுப்பட்டு ஜனம் முழுவதும் ரோட்டுக்கு வந்துவிட்டது. நான் எல்லைக் கோட்டுக்கு அப்பால், ரோடு லேசாக வளைகிற இடத்தில் இருந்த பாலத்துச் சுவரில் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் வண்டிகள் நேராக என்னை நோக்கி வரும்.

கடைசிச் சுற்றில் இரண்டு வண்டிகள் முன்னால் வந்தன. முதல் வண்டியை ஓட்டியவரும் இரண்டாவது வண்டியை ஓட்டியவரும் மாப்பிள்ளை, மைத்துனர். பின்னால் வந்தவரின் கூடப் பிறந்த தங்கையைத்தான் முன்னால் வந்தவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். போன வருஷம் மாப்பிள்ளையிடம் தோற்றதில் மைத்துனருக்கு மனத்தாங்கல். இந்தத் தடவை விடமாட்டேன் என்று டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சொல்லியும் இருந்தார்.

நான் லென்ஸை முழு நீளத்துக்கு இழுத்து வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தேன். திடீரென்று முன் வண்டியின் ஒரு சக்கரம் மேலே எழும்பியது. வண்டி குடை சாய்ந்தது. அதற்குப் பிறகு புழுதிதான். ரோட்டோரத்தில் நின்றவர்களுக்கும் புழுதியைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. அடங்கியபோது மாப்பிள்ளை சக்கரத்துக்கு அடியில் கிடந்தார். மைத்துனரின் வண்டி ஓடைப் பக்கமாக ஒதுங்கி நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே மாப்பிள்ளையின் உயிர் போய்விட்டது. போலீஸ்காரர்கள் வந்து விசாரித்து, விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஃபிலிமைக் கழுவினேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த நெகட்டிவைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாய்கிற வண்டி, அந்தரத்தில் சக்கரம், ஓட்டியவரின் முகம் எல்லாம் அவ்வளவு சுத்தமாக விழுந்திருந்தன. அவர் முதுகுக்குப் பின்னால், கொம்பு இடிக்கிற நெருக்கத்தில், மைத்துனரின் மாடுகள். அதற்கும் மேலே மைத்துனரின் ஓங்கிய கை. ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன், போட்டார்கள். பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு ஸ்டூடியோவின் கண்ணாடிப் பெட்டியிலும் வைத்தேன்.

ஊருக்குப் புழுதியில் தெரியாமல் போனதெல்லாம் என் படத்தில் தெரிந்தது. டீக்கடைப் பேச்சும் படமும் பொருந்திப் போயின. மைத்துனன் வேண்டுமென்றே மாட்டை விட்டு மோத வைத்தான் என்று பேச்சாகிவிட்டது. பத்திரிகையைக் கிழித்து வைத்துக்கொண்டு ஊர்க்கூட்டம் போட்டார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவரை வாசலில் ஏற்றவில்லை. தங்கை முகம் கொடுக்கவில்லை.

மாசியில் ஒரு மத்தியானம் அவரே என் ஸ்டூடியோவுக்கு வந்தார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயந்துபோய் உள்ளேயே இருந்தேன். அவரோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"நான் அம்புட்டுப் பக்கத்துல வரலைங்க. அவுக வண்டி சாயவும் நான் ஓடைப்பக்கம் திருப்பிட்டேன்" என்றார்.

அதற்கு நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. "படம் பொய்யா சொல்லும்?" என்றேன். ஏதோ சட்டம் படித்தவன் மாதிரி அவ்வளவு தெளிவாகச் சொன்னேன். அவர் திரும்பவும் படத்தைப் பார்த்தார். "எனக்கே இப்ப தெரியலைங்க. ஒருவேளை வந்துட்டேனோ என்னமோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பங்குனியில் ஒரு கல்யாணப் படம் எடுக்க நரிக்குடிப் பக்கம் போக வேண்டியிருந்தது. போகிற வழியில், அதே பாலத்தைத் தாண்டி, பஸ்ஸுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார்கள். நானும் இறங்கிக் காலை நீட்டி நடந்தேன். என் படத்தில் இரண்டு வண்டிகளுக்கும் பக்கத்தில் வண்டிக்கொன்றாக இரண்டு புளியமரங்கள் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி நின்றிருக்கும். ஒன்றில் பட்டை உரிந்து வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளைப் பட்டை மரத்தடியில்தான் பஸ் நின்றிருந்தது. அதன் ஜோடி மரத்தைத் தேடினேன். எங்கேயோ எட்டத்தில் நின்றது. ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு எட்டு வைத்து நடந்தேன். இருபத்தெட்டு எட்டு.

கல்யாண வீட்டில் என்ன எடுத்தேன் என்றே தெரியவில்லை. திரும்பி வந்ததும் லென்ஸை மாட்டிக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் நின்று தெருவைப் பார்த்தேன். தெருக்கோடியில் தள்ளித் தள்ளி வந்தவர்களெல்லாம் அதற்குள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி வருவது போலத் தெரிந்தார்கள். இழுத்து நீட்டிய லென்ஸ் தூரத்தை மட்டும் கிட்டே கொண்டுவருவதில்லை, நடுவில் இருக்கும் இடைவெளியையும் தின்றுவிடுகிறது. இவ்வளவு நாள் என் கண்ணில் அது படவில்லை. மாப்பிள்ளையின் வண்டி முதல் மரத்தடியில் சாய்ந்தபோது மைத்துனரின் வண்டி இரண்டாவது மரத்தடியில்தான் வந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் சொன்னது முழுவதும் உண்மை.

அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பத்திரிகையில் வந்த படம் தப்பான அர்த்தம் காட்டுகிறது என்று நானே போய்ச் சொன்னால், அப்புறம் என்னிடம் யார் வருவார்கள் என்று பயம். பந்தயப் படக்காரர் என்று பெயர் வந்திருந்த நேரம் அது. நான் செய்ததெல்லாம் கண்ணாடிப் பெட்டியிலிருந்து அந்தப் படத்தை எடுத்ததுதான். கேட்டவர்களிடம் வெயிலில் மங்கிவிட்டது என்று சொன்னேன். அடுத்த வாரம் போகலாம், அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். ஆவணியில் மைத்துனர் மாடுகளை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டதாகக் கேள்விப்பட்டபோது, சொல்லக் கூசுகிறது, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மார்கழியில் அந்தத் தங்கை வந்தார். கூடவே அவருடைய மாமனார். தை பிறந்ததும் வருஷத் திவசம். வீட்டில் மாட்டப் புருஷனுடைய படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணத்துக்கும் படம் எடுக்கவில்லை. அவர் முகம் பதிந்திருந்தது என் நெகட்டிவில் மட்டும்தான். மாமனார் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்தான் பேசினார்.

"பின்னால வாரவனை அழிச்சிட்டு, அவுகளை மட்டும் பெருசாக்கிக் குடுங்கண்ணே."

எங்கள் தொழிலில் இது அன்றாடம் செய்கிற வேலைதான். குரூப் படத்தில் ஆகாதவர்கள் இருந்தால் மையைத் தொட்டு நாலு இழுப்பு இழுத்தால் ஆள் மறைந்துவிடுவார். சரி என்று சொல்லி அனுப்பியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். என் வாய் வரைக்கும் அந்தச் சரி வந்தது. அந்தப் பெண் என்னை அண்ணே என்று கூப்பிட்டதாலோ என்னவோ, அதைச் சொல்ல முடியவில்லை. அவர்கள் ஊருக்குப் போகிற பஸ்ஸில் நானும் வருகிறேன், வழியில் ஒரு இடத்தில் இறங்கி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. படம் சம்பந்தமாக ஏதோ என்று நினைத்திருப்பார்கள்.

பாலத்தில் இறங்கினோம். மாமனாரை வெள்ளைப் பட்டை மரத்தடியில் நிற்கச் சொன்னேன். கேமராவைப் பாலத்துச் சுவரில் வைத்து, லென்ஸை முழுவதும் இழுத்து, எப்படிப் பார்ப்பது என்று அந்தப் பெண்ணுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு, நான் போய் அடுத்த மரத்தடியில் நின்றேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து வெறும் கண்ணால் பார்த்தார். மறுபடி குனிந்தார். அப்படி நாலைந்து தடவை பார்த்தார். பிறகு கேமராவை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். மாமனாரைத் தாண்டி, அந்த இருபத்தெட்டு எட்டையும் நடந்து, என் முன்னால் வந்து நின்றார். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்ணே?" என்று கேட்டார்.

இன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. பங்குனியில் என்றேன்.

அவர் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஆடி மாசம் எங்கண்ணன் வந்து மூணு நாளு எங்க வாசல்ல உக்காந்திருந்துச்சு. பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை. நான் கதவைத் திறக்கவே இல்லை."

அதற்குப் பிறகு நான் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரிகைக்கும் எழுதினேன், அவர்கள் அதைப் போடவில்லை. விருதுநகர் லாரி ஷெட்டுகளிலும் மதுரையிலும் விசாரித்தேன். அவர் பம்பாய்ப் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார், இன்னொருவர் இல்லை என்றார். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அவர் இன்னும் ஊர் திரும்பவில்லை. அந்த லென்ஸைக் குறை சொல்லி ஒன்றுமில்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் தப்புச் செய்தோமா இல்லையா என்று தனக்கே தெரியாமல் ஒருத்தர் மூன்று நாள் வாசலில் பட்டினி கிடந்தபோது, அவர் தப்பே செய்யவில்லை என்று தெரிந்த ஒரே ஆளான நான் பதினைந்து மைலுக்கு அப்பால் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டையில் சோறு இறங்குவதில்லை.