மாமன் மாலைக்குத் தேயிலை உரம்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குச் செடி கொடிகளைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று கொழும்பில் இருக்கும் என் நண்பர்கள் நம்புகிறார்கள். நான் அந்த நம்பிக்கையைக் கெடுத்ததில்லை. உண்மையில் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த செடி இரண்டே இரண்டு. ஒன்றில் கொழுந்து பறிப்போம், மற்றதில் பால் வெட்டுவோம். தேயிலை பூத்தால் துரைக்குக் கோபம் வரும். ரப்பர் பூத்தால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பூவை ஒரு நல்ல சேதியாகப் பார்க்கும் பழக்கமே எங்களுக்குக் கிடையாது.

இப்படிப்பட்ட வம்சத்தில் வந்த நான், என் தங்கை மகளின் நிச்சயதார்த்தத்தில் வாயைத் திறந்தேன்.

தங்கை நிவித்திகலப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறாள். நான் அதே தோட்டத்துப் பாடசாலையில் சரித்திரம் படிப்பிக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் குருவிட்டக்காரர்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா அங்கே ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். பேச்சு பூவுக்கு வந்ததும் அவர் கையை வீசிச் சொன்னார்:

“மாலையெல்லாம் கொழும்பிலேருந்து எறக்குறோம். மாமன் மாலையையும் சேர்த்துச் சொல்லிடவா மாஸ்டர்? ஒங்களுக்கு ஏன் வீண் அலைச்சல்?”

மணவறைக்குப் போகும் முன் பெண்ணுக்குத் தாய்மாமன் போடுகிற மாலை அது. அதைச் சம்பந்தி வீட்டார் வாங்குவதென்றால் தாய்மாமனையும் அவர்களே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். எனக்கு ரோஷம் வந்தது. அதிகம் வாசித்தவனுக்கு ரோஷம் வந்தால் கை ஓங்கத் தெரியாது, வாக்கியம்தான் வரும்.

“வேணாங்க. எம்மருமகளுக்குப் போடுற மாலைக்கு நானே பூ வளர்த்து, நானே கட்டிக் கொண்டு வருவேன்.”

தேத்தண்ணித் தட்டோடு வந்துகொண்டிருந்த தங்கை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். எல்லாரும் போன பிறகு என்னை அடுப்படிக்கு இழுத்துப்போனாள்.

“ஏண்ணே, ஒங்க வீட்டுல கருவேப்பிலையே செத்துப்போச்சு. ஒங்களுக்கு இது தேவையா?”

“பார்த்துக்கலாம்மா.”

“என்னத்தப் பார்க்கறது? சபைல சொல்லிட்டீங்க. இனி கடை மாலையோட வந்து நின்னீங்கன்னு வைங்க, எம்புள்ளைய அந்த வீட்டுல காலம் பூரா சொல்லிக் காட்டுவாங்க. ஒங்கள இல்ல, அவள.”

அது சித்திரைக் கடைசி. கல்யாணம் ஆவணியில்.

எனக்குத் தெரியாததை நான் புத்தகத்தில் தேடுவேன். சென்னையில் அச்சான ஒரு மலர்ச் சாகுபடிப் புத்தகம் என்னிடம் இருந்தது. செவ்வந்தியும் பன்னீர் ரோஜாவும் மரிக்கொழுந்தும் சேர்ந்தால்தான் மாலை மாலையாக இருக்கும் என்று முடிவு செய்தேன். மூன்றுக்கும் தினமும் எட்டு மணி நேர நேரடி வெயில் வேண்டும் என்று போட்டிருந்தது. இரத்தினபுரிப் பக்கத்தில் எட்டு மணி நேர வெயில் வேண்டுமென்றால் ஒரு வாரம் சேமிக்க வேண்டும். ஆனாலும் விஞ்ஞான முறைப்படி முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து வெயிலை அளந்தேன். வெயில் நகர நகரக் கதிரையும் நகர்ந்தது. எட்டே காலுக்கு வெயில் வந்தது, ஒன்பதே முக்காலுக்கு ரப்பர் மரங்களுக்குப் பின்னால் போனது. பதினொன்றுக்கு மறுபடி வந்து, பன்னிரண்டரைக்கு வந்த வழியே மேகத்துக்குள் திரும்பியது. இரண்டு மணிக்கு நானும் கதிரையும் நனைந்தோம். எல்லாவற்றையும் கூட்டி மூன்று மணி நேரம் என்று எழுதினேன். மிச்ச ஐந்து மணி நேரத்தை முயற்சியால் ஈடு செய்யலாம் என்று பட்டது.

டவுனில் விதைக்கடை நடத்தும் முதலாளி எனக்கு நெடுநாள் பழக்கம். பட்டியலைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“சேர், இந்த நாத்தெல்லாம் வெலிமடப் பக்கத்தால வாறது. குளிரும் வெயிலுமா இருந்தாத் தான் பூக்கும். இங்க வைகாசி மழைல வச்சா சூப்புத் தான்.”

“நல்லாப் பராமரிச்சா?”

“நல்லாப் பராமரிச்சா நல்ல சூப்பு.” பிறகு கடை ஓரத்தில் இருட்டுக்குள் கிடந்த நாலு அந்தூரியக் கன்றுகளைக் காட்டினார். “இத எடுத்துக்கிட்டுப் போங்க. நெழலும் ஈரமும் போதும். நம்ம ஊருக்குன்னே அல்லாஹ் படைச்சது.”

அந்தூரியம் எனக்குப் பிடிக்காத பூ. ஹோட்டல் வரவேற்பு மேசையில் மினுமினுத்துக்கொண்டு, தொட்டால் பிளாஸ்டிக் போலிருக்கும். வாசனையும் இல்லை. மாமன் மாலைக்கு இதா? பட்டியலில் இருந்த நாற்றுகளையே வாங்கினேன். அவர் மனம் நோகக் கூடாதென்று இந்த நாலையும் எடுத்துவந்து மனைவியிடம் கொடுத்தேன். அவள் அவற்றைக் குளியலறைத் தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில், பலாமரத்தடியில், தேங்காய் மட்டைகளுக்கு நடுவே செருகிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். அங்கே ஏற்கெனவே கறிக்கு வாசனைக்குப் போடும் ரம்பையும் வல்லாரையும் அவளைக் கேட்காமலே வளர்ந்துகொண்டிருந்தன.

நான் பாத்தி வெட்டினேன். இரண்டடி ஆழம் என்று புத்தகம் சொன்னது. எங்கள் மாவட்டத்தில் ஒருவன் இரண்டடி தோண்டினால் அவன் மாணிக்கக் கல் தேடுகிறான் என்றே அர்த்தம். பொழுது சாய்வதற்குள் நாலு பேர் வேலியோரம் நின்று நலம் விசாரித்தார்கள். அதில் ஒருவர் தாழ்ந்த குரலில் கேட்டார், “மாஸ்டர், ஏதும் காட்டுதா?” செவ்வந்தி நடுகிறேன் என்றேன். “ஹரி, ஹரி,” என்று சிங்களத்தில் சரி சொன்னவர், “அப்படியே சொல்லுங்க,” என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

உரம் பற்றிய அத்தியாயத்துக்கு வந்தபோதுதான் என் பிறப்பு என்னைக் காட்டிக்கொடுத்தது. புத்தகத்தில் என்னென்னவோ பெயர்கள் இருந்தன. எனக்கோ சின்ன வயதிலிருந்து தெரிந்த உரம் ஒன்றுதான்: தேயிலைக்குப் போடுவது. அது விழுந்த மலை பத்தே நாளில் பச்சைப் பசேலென்று ஆவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மலைக்கே வேலை செய்வது பாத்திக்குச் செய்யாதா? ஒரு பை வாங்கிவந்து தாராளமாகத் தூவினேன்.

செவ்வந்தி வளர்ந்தது. நம்ப முடியாத வேகத்தில் இடுப்பளவுக்கு வளர்ந்தது. ஆனிக் கடைசியில் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். தங்கை மலையிலிருந்து இறங்கி நேரே வந்தாள், கூடை முதுகிலேயே இருந்தது. பாத்தியைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். அவள் விரல்கள் தாமாகவே நீண்டு ஒரு துளிரைக் கிள்ளின.

“அண்ணே, பூ எங்க?”

“வரும்.”

“கொழுந்து நல்லா வந்திருக்கு. வேணும்னா நாளைக்கு நாலு பொம்பளைங்களக் கூட்டிட்டு வந்து எடுத்துரட்டா?” கிள்ளிய துளிரை முகர்ந்து பார்த்தாள். “என்ன ஒரம் போட்டீங்க?”

சொன்னேன். அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

“எல எடுக்கறதுக்குன்னே செஞ்ச ஒரம்ணே அது. பூக்கவே விடாதே. ஆவணிக்கு இன்னும் எத்தன நாள் கெடக்கு?”

ஆடி மழை அந்தக் கவலையைத் தீர்த்துவைத்தது. ரப்பர் மரத்துக்கு மழைக்காலத்தில் பால் நனையாமல் பொலித்தீனில் பாவாடை கட்டுவார்கள். நான் செவ்வந்திகளுக்குக் கட்டினேன். மழை உள்ளே வரவில்லை, ஆவி வெளியே போகவில்லை. நாலாம் நாள் பாவாடையைத் தூக்கிப் பார்த்தால் கீரை அவித்த வாசனை அடித்தது. பன்னீர் ரோஜா கறுப்புப் புள்ளி விழுந்து இலை முழுவதையும் உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றது. மரிக்கொழுந்து எப்போது செத்தது என்று எனக்குத் தெரியாது. அது எந்தத் தொந்தரவும் தராமல் போயிருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். தங்கை வாசலை மறித்தாள்.

“எங்க?”

“டவுனுக்கு. ஒரு மாலை...”

“போவாதீங்க. கடைக்காரன் கட்டுன கட்டு எதுன்னு அந்தப் பெரியப்பா மனுசனுக்குத் தெரியும். கடைல வாங்கினதுன்னு ஒரு வார்த்த அவரு வாய்ல வந்துச்சின்னா போதும்.” சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் புகுந்து பின்பக்கமாக இறங்கினாள். என் பாத்தியை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. கொழுந்துக்காரி மலையைப் பார்க்கிற மாதிரி, எது நிற்கிறது, எது நிற்காது என்று பார்த்துக்கொண்டே போனாள்.

பலாமரத்தடியில் நின்றாள். அங்கே அந்தூரியம் நாலும் பக்கக் கன்று விட்டுப் பத்துப் பதினைந்தாகப் பெருகி, சிவப்புச் சிவப்பாக, கழுவித் துடைத்துவைத்தது போலப் பூத்திருந்தது. நான் நாலு மாதமாக அந்தப் பக்கம் குளிக்க மட்டுமே போயிருக்கிறேன்.

“அண்ணி, இது யாரு வச்சது?”

“வைக்கலயே. செருகினேன்,” என்றாள் என் மனைவி.

இருவரும் உட்கார்ந்து கட்டினார்கள். அந்தூரியத்தின் காம்பைக் குறுக்கி, வாழை நாரில் இறுக்கி, நடுநடுவே கிணற்றுச் சுவரில் முளைத்த, சீப்புப் போன்ற பன்னம் இலையும் ரம்பை இலையும் வைத்தார்கள். நார் கிழித்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது, பிறகு திரும்பப் பெறப்பட்டது.

மறுநாள் மாலையைப் போட்டேன். மருமகளின் கழுத்து ஒரு கணம் தாழ்ந்து நிமிர்ந்தது. “கனமா இருக்கு மாமா,” என்று மெதுவாகச் சொன்னாள். வாசனை இல்லாத பூவென்று நான் கவலைப்பட்டதற்கு ரம்பை பதில் சொல்லியிருந்தது. பெண்ணைக் கடந்து போனவர்களுக்கெல்லாம் பசியெடுத்தது.

பெரியப்பா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். “மாஸ்டர், இது பிளாஸ்டிக் தானே?”

நான் விளக்கம் சொல்லத் தொண்டையைச் செருமுவதற்குள் தங்கை முன்னால் வந்தாள். ஓரத்துப் பூவொன்றில் நகத்தால் ஒரு கோடு கிழித்தாள். ஈரம் பளபளத்தது.

“அசலுங்க. எங்கண்ணன் வீட்டுல வெளஞ்சது.”

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. வீட்டில்தான் விளைந்தது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மண்டபத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணிப் புழுக்கத்தில் கொழும்பு ரோஜாக்கள் கொட்டத் தொடங்கின. படம் எடுக்கும் நேரத்தில் மாப்பிள்ளையின் கழுத்தில் பாதி நார்தான் மிஞ்சியது. பெண்ணின் மாலையோ காலையில் போட்டபடியே கிடந்தது. பெரியப்பா என்னைத் தனியே அழைத்தார்.

“நாலு கன்னு தாங்களேன் மாஸ்டர். கட வாசல்ல வரிசையா வைக்கலாம். நல்ல வெயில் அங்க.”

தாராளமாக வைக்கலாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தங்கை தூரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நெழல்ல வைங்க,” என்றேன். “வெயில்ல பொசுங்கிடும்.”

தாவரம் குறித்து நான் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அது. அவர் அதை நம்பவில்லை. ஒரு மாதம் கழித்து மருமகள் என்னைப் போனில் கூப்பிட்டாள்.

“மாமா, பெரிய மாமா அந்தச் செடிய எல்லாம் கட வாசல்ல கொளுத்துற வெயில்ல வச்சிட்டாரு. நாலும் அப்பளமாயிருச்சி. நான் ஒண்ணுமே சொல்லல மாமா. தெனமும் காலைல தேத்தண்ணி கொண்டு போய்க் குடுத்துட்டு, ஒருக்கா அதப் பார்த்துட்டு வாறேன். அவரே தலையக் குனிஞ்சிக்கிறாரு.”