கையை விட்டால் நேராகாத ஸ்டீயரிங்

பந்தல்குடி தாண்டி, தூத்துக்குடிச் சாலையில் வேகம் அறுபதைத் தொட்டதும் ஸ்டீயரிங் உதறத் தொடங்கியது. என் கைதான் நடுங்குகிறது என்று முதலில் நினைத்தேன். நான் பயந்த ரகம்தான். பிறகு கண்ணாடி, இருக்கை, என் கன்னச் சதை எல்லாம் ஆடின. ஜீப் தானாகவே வலப்பக்கம் ஒதுங்கியது. அங்கே ஒரு லாரி என்னை முந்திக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, ஒருவழியாக ஓரம் கட்டினேன்.

“ஏலே, ஜீப்பு ஓட்டுறியா, சாமியாடுறியா?” என்று கத்திவிட்டுப் போனது லாரி.

மறுநாள் காலை இதே ஜீப்பை என் மனைவி தனியாக ஓட்டப்போகிறாள்.

மிளகாய்த் தோட்டம் அவள் பொறுப்பு. நான் அருப்புக்கோட்டையில் வேலைக்குப் போகிறவன். மழை பெய்தால் கரிசல் பாதையில் ஜீப் வயிறு தட்டி உட்கார்ந்துவிடும். அதனால் பெரிய டயர் போட்டு, வண்டியைத் தாங்கும் வில்பட்டைகளை மாற்றி, நான்கு அங்குலம் உயர்த்தினேன். மெக்கானிக்கிடம் விடச் சொன்னாள். நான்தான் வீடியோ பார்த்தவன் ஆயிற்றே!

சைக்கிளின் முன்கவை சாய்ந்திருப்பதைப் போல, ஜீப்பின் முன்சக்கரம் திரும்பும் அச்சும் சற்றுப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். கையை விட்டாலும் சக்கரத்தை நேராக்குவது அந்தச் சாய்மானம். வண்டியை உயர்த்தினால் அது குறைந்துபோகும். இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டுக்கும் வில்பட்டைக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்து மீட்க வேண்டும். வைத்திருந்தேன். வீட்டை ஒட்டி மிளகாய் காயப்போடும் எங்கள் சிமெண்டுக் களத்தில் நிறுத்தி, அந்தச் சாய்மானத்தைச் செல்போனால் அளந்தேன். சுத்தமாக ஐந்து டிகிரி, இருக்க வேண்டிய அளவு.

வீட்டுக்குள் நுழையும்போதே கேட்டாள். “வண்டி ரெடியா? நாளைக்குக் காலையில ஏழு மணிக்கெல்லாம் மருந்தடிக்க ஆளு வந்துருவாக.”

‘ரெடி’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

“உதறுது.”

“எவ்வளவு?”

“சாமியாடுறியான்னு லாரிக்காரன் கேக்குற அளவுக்கு.”

அவள் சிரிக்கவில்லை. களத்துக்குக் கூடவே வந்தாள். மறுபடியும் அளந்தேன். மறுபடியும் ஐந்து. என்ன செய்வதென்று தெரியாமல் ஜீப்பைச் சுற்றிவந்தபோது, கை கழுவ அவள் கொண்டுவந்திருந்த வாளியை உதைத்துத் தள்ளினேன். தண்ணீர் முன்சக்கரத்தடியிலிருந்து கிளம்பி, பின்சக்கரத்தைத் தாண்டி, சுவரோரத்து ஓட்டை வழியாக வெளியேறியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“மழைத்தண்ணி நிக்கக் கூடாதுன்னு களத்தைச் சரிவாப் போடச் சொன்னது யாரு?”

“கொத்தனாரு.”

“கொத்தனாரா? பக்கத்துல நின்னு அவர் உசுர வாங்குனது நீங்க.”

செல்போனைத் தரையிலேயே வைத்தேன். இரண்டரை டிகிரி. மூக்கை மேட்டில் தூக்கி நின்ற ஜீப், களத்தின் சரிவையும் தன் கணக்கில் காட்டியிருக்கிறது. உண்மையில் இருந்த சாய்மானம் பாதிதான். பாளையம்பட்டி லேத்துப் பட்டறைக்கு ஓடி, தடித்த ஆப்புகளாகக் கடைந்து வாங்கிவந்து, பொழுது சாய்வதற்குள் மாட்டினேன். இந்த முறை தரையின் சரிவைக் கழித்தே அளந்தேன்.

விடிந்ததும் சோதனைக்குக் கிளம்பினேன்.

“தள்ளுங்க. ஓட்டப்போறது நான்தான?” என்று அவள் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். நான் கைலியோடு இடப்பக்கம் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஐம்பது. ஐம்பத்தைந்து. அறுபதில் நான் மூச்சை நிறுத்தினேன். அறுபத்தைந்திலும் ஸ்டீயரிங் சும்மா இருந்தது. பாலத்து இணைப்பில் டயர் மோதியது. ஒரே ஒரு குலுக்கல், அதோடு சரி. பின்னால் வண்டி இல்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, வளைவு முடிகிற இடத்தில் பிடியைத் தளர்த்தினாள். ஸ்டீயரிங் அவள் உள்ளங்கைகளுக்குள் வழுக்கித் தானாக நடுவுக்குத் திரும்பியது.

ஒரு பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். ஓரமாக நிறுத்தினாள்.

“இறங்குங்க.”

“ஏன்?”

“ஆளுக காத்துக்கிட்டு நிப்பாக. உங்களத் திரும்பக் கொண்டாந்து விட எனக்கு நேரமில்ல. பஸ்ஸு வரும், ஏறிப் போங்க. நான் போறேன்.”

இறங்கினேன். ஜீப் கோடு கிழித்த மாதிரி நேராகப் போய், கரிசல் பாதையில் திரும்பி மறையும்வரை, கிரீஸ் படிந்த கைலியோடு அங்கேயே நின்றேன்.