கழுத்தில் படாத பெல்ட்

“உன்னோட பழைய தோள்பை எங்க?” என்று அம்மா கேட்டாள்.

மகள் சமையலறை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். “எதுக்கு?”

“கேட்டா எடுத்துக் கொடேன். எல்லாத்துக்கும் ஒரு எதுக்கு.”

“அது கிழிஞ்சு போச்சும்மா.”

“கிழிஞ்சது பைதானே. வாரு நல்லாத்தானே இருக்கு. எனக்கு வாரு போதும்.”

“வார வச்சு என்ன பண்ணப் போற?”

“ஒருத்தங்க கழுத்தக் காப்பாத்தப் போறேன்.”

“யாரு கழுத்த?”

“நம்ம ரேடியோவோட கழுத்த. பெல்ட்டு அறுக்குதாம்.”

“வலிச்சா பேச்சக் குறைக்கும்ல? உனக்கு நல்லதுதானே.”

“எங்க குறைக்குது. வலிக்குதுங்கறதையே வீட்டுலேர்ந்து ஆஸ்பத்திரி வரைக்கும் பேசுது.” அம்மா ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தாள், மூன்றாவது தடவையும் நூல் விலகிப் போனது. “ரெண்டு பிரஸ் பட்டன் வேணும். உன் மழைக்கோட்டுல இருக்கு.”

“மழைக்கோட்டு கிழியல.”

“மழையும்தான் பெய்யல.”

அதற்கு மேல் வாதாட வழியில்லை. மகள் வாரையும் கொடுத்தாள், மழைக்கோட்டையும் கொடுத்தாள், நூலையும் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

அம்மா கார் ஓட்டிப் பிழைப்பவள். கார் சொந்தக் கார்தான். ஆனால் சொந்தக்காரர் யாரும் அதில் ஏறி மகள் பார்த்ததில்லை. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போய், முடிந்ததும் வீட்டில் கொண்டுவந்து விடுவது அவள் வேலை. மூன்று பேர். முழங்கால் மடங்காத வாத்தியார், கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர், கடைசியாக ரேடியோ. ரேடியோ என்பது அந்த அம்மாளுக்குக் காருக்குள் விழுந்த பெயர். கதவைத் திறந்ததும் பாடத் தொடங்கி இறங்கும்வரை நிற்காது என்று கடிகாரக்காரர்தான் முதலில் வைத்தார். அந்த அம்மாளுக்கும் தெரியும். “ரேடியோன்னா நேரத்துக்கு நேரம் சேதியாவது வரும். உங்க கடிகாரம் அதுவும் சொல்லாது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சிக்கல் உட்காருவதில்தான் இருந்தது. மூன்று பேருக்கும் ரத்தம் எடுக்கிற குழாய் வலப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே செருகியிருந்தது. முன்சீட்டிலும் பின்னால் இடது ஜன்னலோரத்திலும் உட்கார்ந்தால் பெல்ட் இடது தோள்வழியாக இறங்கும். குழாய்க்குப் பக்கத்திலேயே வராது. பின்னால் வலப்பக்கம் உட்காருகிறவருக்குத்தான் அது நேராகக் குழாயின்மேல் வந்து விழும். வாத்தியாரின் காலை முன்சீட்டில்தான் நீட்ட முடியும். மிச்சம் இருவருக்கு ஒரே ஒரு இடது ஜன்னல். முறைவைத்து உட்கார்ந்தார்கள். முறை மாறிப்போனதாகச் சண்டையும் போட்டார்கள். வலப்பக்கம் அகப்பட்டவர் கட்டைவிரலைப் பெல்ட்டுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடியே பயணம் போவார். ரேடியோ ஆளும் குள்ளம். குழாயை அழுத்தியது போக மிச்சத்துக்குப் பெல்ட் அவள் கழுத்தையும் உரசியது.

அம்மா செய்தது பெரிய கருவி ஒன்றுமில்லை. ஒரு சாண் வாரு, இரண்டு முனையிலும் மடித்துத் தைத்த வளையம், வளையத்தை மூட பிரஸ் பட்டன். ஒரு வளையம் தோள்பெல்ட்டைப் பிடிக்கும், மற்றது இடுப்புப்பெல்ட்டைப் பிடிக்கும். வாரு இழுக்க இழுக்கத் தோள்பெல்ட் கழுத்தையும் குழாயையும் விட்டு இறங்கி ஒதுங்கி நிற்கும். முதலில் மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு காலை நேரத்தில் ரேடியோவை ஏற்றி, அவள் உடம்புக்கு அளவெடுத்து, வாரைச் சுருக்கித் தைத்தாள். “பெல்ட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டுட்டீங்களே டிரைவரம்மா” என்றாள் ரேடியோ. அதுவே அந்த வாருக்குப் பெயராகிவிட்டது.

கொஞ்ச நாள் காருக்குள் நிம்மதி. இடது ஜன்னலைக் கடிகாரக்காரருக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டு, கட்டைவிரலை மடியில் வைத்துக்கொண்டு ரேடியோ பேசிக்கொண்டு வந்தாள். அம்மாவும் வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து, “இன்னைக்குச் சண்டை இல்ல” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவாள். அந்த ஒரு வாக்கியத்தில் அவளுக்கு எவ்வளவு ஓய்வு இருந்தது என்பது மகளுக்குப் பின்னால்தான் புரிந்தது.

ஒரு நாள் திரும்பி வரும் வழியில், சந்துக்குள்ளிருந்து சைக்கிள் ஒன்று குறுக்கே பாய்ந்தது. அம்மா பிரேக்கை மிதித்தாள். சைக்கிள்காரன் திட்டிவிட்டுப் போய்விட்டான். வாத்தியார், “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றார். ரேடியோ மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தைக் கேட்டுத்தான் அம்மா வண்டியைத் திருப்பி நிலையத்துக்கே ஓட்டினாள்.

உள்ளே ஒன்றும் கிழியவில்லை என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் வயிற்றின் குறுக்கே பட்டையாக ரத்தம் கட்டியிருந்தது. நிலையத்தின் வண்டிப் பொறுப்பாளர் காருக்கு வந்து வாரை எடுத்துப் பார்த்தார். கோபப்படவில்லை. அவரும் களைத்துத்தான் இருந்தார்.

“பெல்ட்டு எலும்பு மேல உக்காரணும்மா. தோள்ல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. இது கீழ்ப்பெல்ட்ட வயித்துக்கு ஏத்திடுச்சு.”

“காலையில சரியாத்தான் சார் இருந்துச்சு. நானே தொட்டுப் பாத்தேன்.”

“காலையில அவங்க உடம்புல தண்ணி இருந்துச்சு. அத எடுத்துட்டுத்தானே அனுப்பறோம். போகும்போது இருக்கற வயிறு வரும்போது இருக்காது, கீழ்ப்பெல்ட்டு தொளதொளன்னு ஆயிடும், வாரு அத மேல இழுத்துடும். களைச்சுப்போய்ச் சரிஞ்சு வேற உக்காருவாங்க.”

அம்மா வாரை வாங்கி மடித்துக்கொண்டாள். மகளிடம் சொல்லும்போது இந்த இடத்தில்தான் நின்றுபோனாள். அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. இத்தனை வருஷமாக ரேடியோவின் அக்குளில் கைகொடுத்து ஏற்றி இறக்குகிறவள் அவள். காலையில் கல்லாகக் கனக்கிற உடம்பு மாலையில் துணிமூட்டை மாதிரி வரும். கைக்குத் தெரிந்தது தைக்கும்போது புத்திக்குத் தோன்றவில்லை. போகிற உடம்புக்கு அளவெடுத்து, வருகிற உடம்புக்கு மாட்டிவிட்டாள்.

அன்று ராத்திரியே தையலைப் பிரித்தாள். பிரஸ் பட்டனை மழைக்கோட்டில் திரும்பத் தைத்தாள். மகள், “நான் தைக்கறேன்மா” என்று கை நீட்டியபோது கொடுக்கவில்லை.

அடுத்த முறை வண்டி போய் நின்றபோது ரேடியோ வாசலுக்கு வரவில்லை. அம்மா இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்தே குரல் வந்தது.

“நான் வரல, டிரைவரம்மா.”

“என்னக்கா இது. நேரமாச்சு.”

“அது இல்லேன்னா கழுத்து. அது இருந்தா வயிறு. ரெண்டும் வேணாம். குழாயக் கூடப் பொறுத்துக்கறேன், இந்தப் பயணத்தப் பொறுக்க முடியல.”

காரில் இருவர் காத்திருந்தார்கள். அம்மா போய்விட்டாள். அந்த முறை ரேடியோ இல்லாமலே போனது. அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. ஒரு முறை தவறினால் என்ன ஆகும், இரண்டு தவறினால் என்ன ஆகும் என்று மகள் கேட்கவும் இல்லை, அம்மா சொல்லவும் இல்லை. இருவருக்குமே தெரியும்.

மறுநாள் அம்மா காரில்லாமல் நடந்தே ரேடியோ வீட்டுக்குப் போனாள். அந்த அம்மாளுக்கு முகம் வீங்கி, கண் இடுங்கி, மூச்சு வாங்கியது. கட்டிலில் சாய்ந்துகொண்டு, “என்ன, ஆள் உயிரோட இருக்கான்னு பாக்க வந்தீங்களா?” என்றாள்.

“ஆமா. அடுத்தது, முன்சீட்டு வேணுமான்னு கேக்க வந்தேன்.”

“வாத்தியார் காலக் கழட்டி டிக்கியில போடுவாரா?”

“அவங்க ரெண்டு பேரையும் முதல்ல கொண்டுபோய் விட்டுடறேன். அப்புறம் உங்களுக்குன்னு தனியா வர்றேன். முன்சீட்டு, இடது தோள்ல பெல்ட்டு. ஒரு வாரும் வேணாம். விட்டுப்போனதுக்கு இன்னைக்கே வாங்க, நிலையத்துல இடம் கேட்டு வச்சிருக்கேன், போய்க் காரக் கொண்டு வர்றேன்.”

ரேடியோ கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ரெண்டு தடவ ஓட்டுவீங்களா?”

“காருதானே ஓடுது. நான் உக்காந்துதானே இருக்கேன்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. அம்மா விடிவதற்கு முன்னே எழுந்தாள். போகும்போது இரண்டு நடை, வரும்போது இரண்டு நடை. உட்கார்ந்துதானே இருக்கிறேன் என்றவளுக்கு உட்கார்ந்தே இடுப்பு பிடித்துக்கொண்டது. சட்டைக் காலருக்கு மேலே அவள் கழுத்திலும் ஒரு சிவப்புக் கோடு விழுந்திருப்பதை மகள் ஒரு நாள் கவனித்தாள். ஓட்டுகிறவளுக்குப் பெல்ட் வலப்பக்கம்தான். அதைப்பற்றி அம்மா யாரிடமும் ஒன்றும் சொன்னதில்லை.

ரேடியோ ஒரு முறைகூடத் தவறவில்லை.

மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். “இப்பத் தெளிவா இருக்கா, இதுல தெளிவா இருக்கா” என்ற இரண்டு கேள்வியிலேயே அவளுடைய நாள் முடிந்துவிடும். வீட்டிலும் அதிகம் பேசமாட்டாள். படித்த இரண்டு மொழியிலும் சேர்த்து ஒரு ஆளுக்கு உண்டான பேச்சுகூட இல்லை என்று அம்மா கேலி செய்வாள். கார் ஓட்டும் உரிமம் வாங்கியதே அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல்தான்.

ஒரு மாலை, வேலை முடிந்து வந்தபோது, கார் வாசலில் நின்றிருந்தது. எஞ்சின் அணைந்திருந்தது. அம்மா உள்ளேயே உட்கார்ந்திருந்தாள், பெல்ட் போட்டபடி. மகள் கதவைத் திறந்தாள்.

“ஏம்மா இறங்கல?”

“இறங்கணும்.”

“உடம்பு சரியில்லையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. இத மட்டும் கழட்டி விடேன். கை வர மாட்டேங்குது.”

மகள் குனிந்து பொத்தானை அழுத்தினாள். பெல்ட் சரசரவென்று மேலே ஓடியது. அப்போதும் அம்மா இறங்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

“உனக்குக் கடை நாளன்னைக்கு லீவுதானே. ரெண்டாவது நடைய மட்டும் நீ ஓட்டறியா? ரேடியோவ மட்டும். முன்சீட்டுல உக்கார வை. போகும்போது நீ ஒண்ணும் பேச வேணாம், அந்த அம்மா பாத்துக்கும், நீ உம் கொட்டினாப் போதும். திரும்பி வரும்போதுதான் அது பேசாது. சாய்ஞ்சுக்கிட்டே வரும். அப்ப மட்டும் நீ ஏதாவது பேசிக்கிட்டே வா.”